குழிந்த ரொட்டி

ரிபெரால்தாவில் நான் ரொட்டி சுட்டால்
ஆற்றங்கரை நாய்கள்கூடச் சண்டையை நிறுத்தும்.
அந்தத் தலைக்கனத்தோடுதான்
இரண்டு தகரத் தட்டு, மாவு பிசையும் தொட்டி,
கல்யாணம் முறிந்ததற்கு அத்தாட்சியாக ஒரு காகிதம்
எல்லாவற்றையும் பேருந்துக் கூரையில் கட்டி
எல் ஆல்டோவுக்கு ஏறி வந்தேன்.

நாலாயிரம் மீட்டர்.
நாலு படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது.
இருந்த இடத்திலேயே மாவு பொங்குகிறது.

முதல் நாள் துணியை விலக்கிப் பார்த்தேன்.
அரை மணிக்குள் தொட்டியின் விளிம்பைத் தாண்டி
கொழுகொழுவென்று நின்றது.
மலை என்னை வரவேற்கிறது என்று நினைத்தேன்.
அடுப்புக்குள் போனதும்
ஒரு பெருமூச்சு விட்டு
நடுவில் குழிந்து படுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள் ஈஸ்ட்டைக் கூட்டினேன்.
விழுந்தவளுக்கு முதலில் தோன்றுவது
இன்னும் கொஞ்சம்
என்பதுதானே.
குழி இன்னும் ஆழமாயிற்று.

மூன்றாம் நாள் அடுப்பைத் திட்டினேன்.
நாலாம் நாள் மாவு விற்ற கொண்டோரியை.
ஐந்தாம் நாள் திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.
கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கினேன்.

ஜூன் 9. ஈஸ்ட் முக்கால். மேலே வெடிப்பு, உள்ளே பசை.
ஜூன் 10. தண்ணீர் ஒரு கை கூடுதல்.
"பரவாயில்லை" என்று எழுதி அடித்திருக்கிறேன்.
ஜூன் 14. நன்றாக வெந்தது. சூட்டோடு அறுத்தேன்.
ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.
பாதி ரொட்டி கத்தியோடு வந்தது.
ஜூன் 21. இங்கே இவர்களுக்குப் புத்தாண்டு.
ஊரே விடியற்காலைச் சூரியனுக்குக் கை நீட்டியது.
நான் தட்டில் கருகியதைச் சுரண்டினேன்.

குழிந்ததை எறிய மனமில்லை.
பாதி விலைக்கு வாசலில் வைத்தேன்.
"சேஹா! சேஹா!" என்று மினிபஸ்ஸில் தொங்கியபடி
ஆள் கூப்பிடும் வில்மெர்
தினமும் இரண்டு வாங்குவான்.
அந்தக் குழியில் பொரித்த முட்டை
அளவெடுத்ததுபோல் உட்காருகிறதாம்.
"சின்யோரா எத்தெல்வினா, இன்றைக்கும் விழுந்ததா?"
கேட்கும்போது
அவன் முகத்தில் எவ்வளவு நம்பிக்கை!

ஜூலை கடைசியில் சாலை மறியல்.
கேஸ் சிலிண்டர் வரவில்லை.
வேலையில்லாத கையோடு நோட்டைப் புரட்டினேன்.
முப்பத்தேழு பக்கம்.
சிவப்பு மையில் கோடிட்ட இடங்களையெல்லாம்
திரும்பத் திரும்பப் படித்தேன்.
அங்கே ஒன்றுமில்லை.
ஓரத்தில், நீல மையில்,
ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும்
நானே எனக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண்:
"சீக்கிரம் பொங்கியது. நல்லது."

நல்லது என்று எழுதிய இடத்தில்தான்
இருந்திருக்கிறது.
காற்று கனமில்லாத ஊர்.
தடுக்க யாருமில்லை என்று குமிழிகள் ஊதிப் பெருக,
அவற்றைத் தாங்கும் சுவருக்கு
வலுக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை.

சிலிண்டர் வந்த அன்று
இரண்டு விரலுக்குள் அடங்கும் ஈஸ்ட் போட்டேன்.
தொட்டியைப் போர்வையில் சுற்றி
குளிர்ந்த மாடிப்படியில் வைத்தேன்.
ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காக
இரவில் இரண்டு முறை எழுந்தேன்.
இரண்டாம் முறை
துணியின் நுனிவரை போன விரலை
இன்னொரு கையால் பிடித்து இழுத்து வந்தேன்.

காலையில் மாவு
அளவாகத்தான் வளர்ந்திருந்தது.
பார்த்தால் ஏமாற்றமாக இருந்தது.

சுட்டேன்.
ஆறட்டும் என்று வெளியே போய்
தெருவை இரண்டு முறை கூட்டினேன்.
பிறகு அறுத்தேன்.

வில்மெர் வந்தான்.
உயர்ந்து நிற்கும் ரொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
"அப்படியானால் முட்டையை
எங்கே வைப்பது?"

இப்போது தினமும் நாற்பது ரொட்டி.
முப்பத்தெட்டு இரவெல்லாம் படியில் கிடக்கும்.
இரண்டுக்கு மட்டும்
காலையில் ஈஸ்ட்டை அள்ளிப் போட்டு
அரை மணியில் பொங்கவிட்டு
சரியாக நடுவில் விழவைக்கிறேன்.
ஒருநாளும் பிசகுவதில்லை.

படியேறினால் மட்டும்
இன்னும் மூச்சு வாங்குகிறது.